ஸ்பானிஷ் சப்ஜங்டிவ்: அட்டவணை பாதி, வாழ்த்து மீதி

ஸ்பெயினின் வலென்சியாவில் பி1 (இடைநிலை) ஸ்பானிஷ் வகுப்பு சேர்ந்ததிலிருந்தே, விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்ல வரும் வினைவடிவமான சப்ஜங்டிவைச் சொல்லி சீனியர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். வடிவங்களைப் பொறுத்தவரை அது வீண் பயம். நிகழ்காலத்தின் ‘நான்’ வடிவத்தை எடுத்து, கடைசி ஓ-வை வெட்டி, எதிர் உயிரை ஒட்ட வேண்டும். அப்லார் (பேசு) ஆர்-இல் முடிகிறது. ஆகவே ஏ வரும்: ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, அப்லேமோஸ், அப்லேய்ஸ், ஆப்லென். எர், இர் என்று முடிபவற்றுக்கு ஆ: கொமேர் (சாப்பிடு) என்பது கோமா, கோமாஸ் என்று போகும். நானுக்கும் அவனுக்கும் ஒரே வடிவம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே மனப்பாடம் ஆகிவிடும்.

எங்கே போடுவது என்பதுதான் பாடு. ‘கியெரோ கொமேர்’ என்றால் நான் சாப்பிட விரும்புகிறேன். ‘கியெரோ கே கோமாஸ்’ என்றால் நீ சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர், நடுவில் ‘கே’. நம் ‘என்று’ நிற்கும் இடம்தான் அது. ஆங்கிலத்தில் இப்படி விருப்பம் சொல்லும்போது பொதுவாக ‘என்று’ வராது. அதன் வழியாக யோசிப்பதை விட்டதும் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. சந்தேகத்துக்கும் இதே கதை: ‘கிரேயோ கே ஆப்லா’, பேசுகிறான் என நினைக்கிறேன், ‘நோ கிரேயோ கே ஆப்லே’, பேசுவதாகத் தோன்றவில்லை.

மீதியைக் கற்றுத்தந்தது அபார்ட்மென்ட் லிஃப்ட். இரவில் யாரைப் பார்த்தாலும் ‘கே தெஸ்கான்ஸெஸ்’ (நன்றாக ஓய்வெடு) என்பார்கள். இருமினால் ‘கே தெ மெஹோரெஸ்’ (உடம்பு தேறட்டும்). சாப்பிடுகிறவரைக் கடந்து போனால் ‘கே அப்ரோவேச்சே’ (சாப்பாடு உடம்பில் ஒட்டட்டும்). ‘விரும்புகிறேன்’ என்ற தலை உதிர்ந்து, கே-யும் வினையும் மட்டும் மிஞ்சிய வாக்கியங்கள் இவை. எல்லாம் ஒழுங்கான ஆர் வினைகள்தான்! அட்டவணையைவிட இவைதான் காதில் ஒட்டின.

அதிக நாள் இழுத்தது ‘குவாந்தோ’ (‘-போது’). ‘குவாந்தோ யேகாஸ்’ என்றால் நீ வழக்கமாக வந்து சேரும்போது. சப்ஜங்டிவில் ‘குவாந்தோ யேகெஸ்’ என்றால் இனிமேல் வந்து சேரும்போது. தமிழில் இரண்டுக்கும் ‘சேரும்போது’ போதும் என்பதால் தாய்மொழி இங்கே கைகொடுக்காது. ‘அவீஸமே குவாந்தோ யேகெஸ்’ (போய்ச் சேர்ந்ததும் சொல்லு) என்று ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நண்பர்கள் சொல்வதால் அது ஒருவழியாகப் படிந்தது.

ஸேர், எஸ்தார், இர், அபேர், ஸபேர், தார் ஆகிய ஆறு வினைகளுக்கு மட்டும் ‘நான்’ வடிவம் ஓ-வில் முடியாது. வெட்ட எதுவும் இல்லை. அவற்றை அப்புறம் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.