மூன்றாவது கால்

"என்ன சார், தமிழ்நாட்டுச் சிக்கனமா?" என்று சிரித்தார் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டுப் பட்டறை சூப்பர்வைசர். அவருக்கு வீடு கொழிஞ்சாம்பாறையில். வீட்டில் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த நான் அவருக்கு அசலூர்க்காரன். தண்ணீர் டேங்கைப் படுக்க வைக்க இரண்டு சேடில், அதாவது அடியில் ஏந்தி நிற்கும் கால், போதும், மூன்றாவது வேண்டாம் என்றேன். அதற்குத்தான் இந்தக் கேலி.

பழகிவிட்டது என்றுதான் வீட்டுக்குப் போனில் சொல்கிறேன். மட்டை அரிசி இறங்குகிறது, பதிமுகம் போட்ட சிவப்பு வெந்நீரும் இறங்குகிறது. இந்த மூன்றாவது கால் மட்டும் இறங்கவில்லை.

மூன்று கால் என்றால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று நினைக்கிறார்கள். முனைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று துல்லிய மட்டத்தில் வைத்தாலும் நடுக்காலுக்குச் சுமையில் 62.5 சதவீதம், ஓரத்துக் கால் ஒவ்வொன்றுக்கும் 18.75தான். அதுவும் மட்டம் நிலைத்தால்! எங்கள் டேங்க் 2 மீட்டர் விட்டம், 9 மீட்டர் நீளம், 6 மில்லிமீட்டர் தகடு. நிரப்பினால் தண்ணீரே 28 டன். மொத்தத்தையும் ஒரே உத்திரமாக வைத்துக் கணக்குப் போட்டேன். நடுக்கால் ஒரு மில்லிமீட்டர் அமர்ந்தால் அதற்குச் சுமையே கிடையாது. அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் அத்தனையும் அதன் தலையில். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் ஊறும் மண், கான்கிரீட் மேடையை அந்த அளவுகூடவா அசைக்காது?

கலிலியோ 1638-லேயே எழுதிவிட்டார். படுக்க வைத்த பளிங்குத் தூணுக்குப் பாதுகாப்பு என்று நடுவில் மூன்றாவது முட்டுக் கொடுத்தார்களாம். ஓரத்துக் கட்டை மக்கித் தாழ, தூண் நடு முட்டுக்கு மேலேயே உடைந்தது.

எங்கள் விளாத்திகுளம் பக்கம் இதற்குக் கலிலியோ தேவையில்லை. பனந்தடி தூக்கும்போது சித்தப்பா முன்னால், அண்ணன் பின்னால். "ஏலே, நீ நடுவுல வாலே" என்பார் சித்தப்பா. நான் குட்டை. தடி என் தோளில் படவே படாது. கையை உயர்த்திப் பிடித்தபடி மூச்சு வாங்குவதுபோல நடிப்பேன். கருப்பட்டிக் காப்பி மட்டும் எனக்கும் முழு டம்ளர். அந்தக் காப்பி இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை, கேட்டால் சுலைமானி என்று பாலில்லாத டீ தருகிறார்கள்.

கடைசியில் சமரசம். மூன்றாவது சேடிலும் வரும். ஆனால் டேங்கில் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும். முதலாளிக்குத் திருப்தி. சூப்பர்வைசர் அதற்கு மட்டும் இரண்டு கோட் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.