அதே 777தான் சார், ஆனா வேற 777

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி ஏழாவது மாதம். சிகாகோவில் இருக்கும் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. பெங்களூரிலிருந்து அவ்வளவு தூரம் கூட்டிப் போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா போங்க. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும், காலை நீட்டி மடக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று அவர் சொன்னதற்குத்தான் நான் ஒரு மாதம் அலைந்தேன்.

எழுந்து நடக்க ஐல் சீட், அதாவது நடைபாதையை ஒட்டிய சீட், வேண்டும். அதோடு, நீட்ட வேண்டிய வலது கால் நடைபாதைப் பக்கம் வர வேண்டும். ஐரோப்பாவில் விமானம் மாறிப் போகிற பயணம். டிக்கெட்டில் போயிங் 777-300இஆர் என்று போட்டிருந்தது. சீட் படத்தைத் திறந்தால் எகானமியில் 3-4-3. இடது ஜன்னலிலிருந்து ஏ, பி, சி; நடுவில் டி, இ, எஃப், ஜி; வலது பக்கம் எச், ஜே, கே. (ஐ கிடையாது. ஒன்று என்ற எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விட்டுவிடுவார்களாம்.) ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்: வலது பக்கம் பாதை வருவது சி-க்கும் ஜி-க்கும் மட்டும். டி, எச் இரண்டும் ஐல் சீட்தான், ஆனால் பாதை இடது பக்கம். அம்மாவுக்கு 34சி, பாதைக்கு எதிர்ப்புறம் எனக்கு 34டி. கழிவறை ஐந்து வரிசை தள்ளி. இரண்டு சீட்டுக்கும் தனியாகப் பணம் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மெயில். பயண நேரத்தில் சிறு மாற்றம், பத்து நிமிடம். பத்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வீல்சேர் கேட்டுப் பதிவு செய்ய நிறுவனத்தின் தளத்துக்குள் போனால் அம்மா 41பி, நான் 38இ. இரண்டும் நடு சீட். தகவல் ஒன்றும் கிடையாது, அந்தப் பத்து நிமிட மெயிலைத் தவிர.

போன் போட்டேன். நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். "விமானம் மாறியிருக்கு சார்."

"இன்னும் 777-ன்னுதானே போட்டிருக்கு?"

"அதே 777தான் சார். ஆனா வேற 777."

அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்தால், இந்த விஷயத்தில் எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. 777-300இஆர் என்பது வெளிக்கூட்டின் பெயர். உள்ளே தடுப்பை எங்கே வைப்பது, பிசினஸுக்கு எத்தனை வரிசை, கழிவறை எங்கே, சமையல் மேடை எங்கே என்பதெல்லாம் வாங்குகிற நிறுவனத்தின் விருப்பம். ஒரே நிறுவனத்திடம் ஒரே மாடலில் இரண்டு மூன்று விதம் இருக்கும். பழையவற்றை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிற காலத்தில் கேட்கவே வேண்டாம். 34-ஆவது வரிசை ஒன்றில் நடுக் கேபினில் இருக்கும், இன்னொன்றில் கழிவறைக் கதவை ஒட்டி இருக்கும். பயணத் திட்டங்களில் வரும் 77டபிள்யூ, 789, 359 போன்ற மூன்றெழுத்துக் குறியீடும் மாடலை மட்டும்தான் சொல்லும்.

இடையில் ஒன்று. 777 வந்த புதிதில், 1995 வாக்கில், எகானமியில் வரிசைக்கு ஒன்பது பேர். இப்போது பெரும்பாலும் பத்து பேர். கேபினின் அகலம் அன்றும் இன்றும் 5.87 மீட்டர்தான். ஏர்பஸ் ஏ350-இன் 5.61 மீட்டரில் பொதுவாக ஒன்பது பேர். தலைக்கு எவ்வளவு வரும் என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். என் உடம்புவாகுக்கு ஏ350தான்.

சரி, எந்த 777 வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீழ் வீட்டு அங்கிள் விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்.-இல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "தம்பி, பஸ்ஸுக்கு கேஏ 57-ன்னு நம்பர் இருக்குல்ல? அது மாதிரி ஒவ்வொரு விமானத்துக்கும் தனி நம்பர் உண்டு. நம்ம நாட்டு விமானம்னா விடி-ன்னு தொடங்கும், ஜெர்மனின்னா டி, பிரிட்டன்னா ஜி. வாலுக்குப் பக்கத்துல எழுதியிருப்பான். நீ ரூட் நம்பரைப் பார்க்குற. வண்டி நம்பரைப் பாரு."

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் டிக்கெட்டில் உள்ள விமான எண்ணைப் போட்டால், பணம் கட்டாமலே கடந்த ஏழு நாள் எந்தெந்த வண்டி வந்தது என்று காட்டும். வாரம் ஒரு தடவை பார்த்து, அம்மாவின் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மூன்று வாரத்தில் எட்டு வண்டி நம்பர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொன்றையும் விமானப் பட்டியல் தளங்களில் தேடினால் வயதும் சீட் எண்ணிக்கையும் கிடைத்தன. எஃப் என்றால் ஃபர்ஸ்ட், சி அல்லது ஜே என்றால் பிசினஸ், டபிள்யூ பிரீமியம் எகானமி, ஒய் நம்ம ஜனம். எட்டில் ஐந்து ஒரு விதம், மூன்று இன்னொரு விதம். கிழமைக் கணக்கு ஏதாவது இருக்குமா என்று பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு விதத்துக்கும் ஏரோலோபா தளத்தில் படம் இருந்தது. நிறுவனத்தின் சீட் படம் வெறும் கட்டங்கள். இதில் ஜன்னல் எந்த இடத்தில் வருகிறது, சுவர் எங்கே என்பது வரை அளவாக வரைந்திருந்தது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். வரிசை எண்கள் பொருந்தும்படி நகர்த்தினால், மேல் தாளில் கழிவறை இருக்கும் இடத்தில் கீழ்த் தாளின் நாற்காலிகள் மங்கலாகத் தெரிந்தன. 34 அப்படித்தான் அடிபட்டுப் போனது. சுவருக்குப் பின்னாலுள்ள முதல் வரிசையும் வேண்டாம்: கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இடம் அது, கைப்பிடியும் தூக்க முடியாது. எமர்ஜென்சி கதவு வரிசையை அம்மாவுக்குத் தரவே மாட்டார்கள். எந்த வண்டி வந்தாலும் தொந்தரவில்லாத வரிசை என்று தேறியவை நான்கு. அவற்றில் 29 காலியாக இருந்தது.

"29சி, 29டி" என்று மறுபடி போன் செய்தேன். விமானத்தை மாற்றியது அவர்கள் என்பதால் கூடுதல் பணம் கேட்கவில்லை.

அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. "நடுவுல சாப்பாட்டு வண்டி போகும்போது எப்படிடா காலை நீட்டறது?"

அதற்கு ஏரோலோபாவில் பதில் இல்லை.

வியாழன் விடிகாலை மூன்று மணி விமானம். இங்கே வெளிநாட்டு விமானங்களுக்கு ஒரு வசதி உண்டு: நள்ளிரவு தாண்டி ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்குகிற வண்டிதான் இரண்டு மணி நேரத்தில் துடைத்துப் பெருக்கித் திரும்பிப் போகும். ஆகவே வருகிற விமானத்தின் வண்டி நம்பரைப் பார்த்தால் போதும். அது அங்கே மதியம் கிளம்பும்போது நமக்கு மாலை நாலு. புதன்கிழமை நாலே காலுக்கு, அம்மா அக்காவுக்காக முறுக்கு பிழிந்துகொண்டிருந்தபோது, வண்டி நம்பர் வந்தது. நோட்டைப் புரட்டினேன். அந்த இன்னொரு விதத்து மூன்றில் ஒன்று. 34-இலேயே இருந்திருந்தால் பத்து மணி நேரமும் கழிவறைக்கு வரிசை கட்டுகிறவர்கள் அம்மா முழங்காலை இடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

ராத்திரி ஹெப்பாள் தாண்டி இரண்டாவது முனையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த வண்டி நின்றது. அம்மாவுக்குக் காட்டினேன். வீல்சேரில் உட்கார்ந்தபடியே நம்பரை வாய்விட்டுப் படித்தார், பஸ் நிலையத்தில் படிப்பது மாதிரி. உள்ளே 29சி இருந்த இடத்திலேயே இருந்தது. சாப்பாட்டு வண்டி வந்தபோது அம்மா காலை மடக்கிக்கொண்டார், போனதும் நீட்டிக்கொண்டார்.

சிகாகோ போகிற இரண்டாவது விமானத்தில்தான் என் வித்தை எடுபடவில்லை. நிறுவனத்தின் சொந்த ஊரில் வண்டிகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து குவியும். எது எங்கே போகும் என்று வருகிறதை வைத்துச் சொல்ல முடியாது. கேட்டில் போய் நின்றால் அது 777 கூட இல்லை, 787-9. உள்ளே 3-3-3. சி அப்போதும் ஐல்தான், பாதையும் அதே வலது பக்கம். எங்கள் வரிசையில் ஏ, பி இரண்டிலும் ஆள் இல்லை. மேலே ஏறி சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் அம்மா கைப்பிடியைத் தூக்கிவிட்டு, மூன்று சீட்டையும் சேர்த்துக் காலை நீட்டிப் படுத்துவிட்டார்.