அடிச்சான், வச்சான், வித்தான்: நெட் தேர்வுக்கு மொழியியல் படித்த அனுபவம்

முதல் முறை நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) எழுதியபோது, மொழி வேறுபாடும் மாற்றமும் என்ற பகுதிக்குத் தனி நோட்டு வைத்திருந்தேன். மொழியியலாளர் லபோவ், அவர் பேச்சை ஆய்ந்த அமெரிக்கத் தீவு மார்த்தாஸ் வினியார்ட், 1963. ஃபெர்குசன், இரட்டை வழக்கு (எழுத்துக்கு ஒரு வழக்கு, பேச்சுக்கு ஒரு வழக்கு), 1959. எல்லாம் மனப்பாடம். ஒலியனியலுக்கு (ஒரு மொழியில் ஒலிகள் இயங்கும் விதிகள் பற்றியது) வேறு நோட்டு, வரலாற்று மொழியியலுக்கு வேறு நோட்டு. ஒரு பகுதியை இன்னொன்றோடு சேர்த்துக் கேட்ட இடங்களில் திணறினேன். தேர்ச்சி பெறவில்லை.

இரண்டாம் முறை, வீட்டில் பேசும் ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்கினேன்: அடிச்சான்.

அடித்தான் ஏன் அடிச்சான் ஆகிறது? தகரத்துக்கு முன்னால் இகரம் இருக்கிறது. படித்தான், சிரித்தான் எல்லாம் இதே வழிதான். பார்த்தான் பாத்தான் ஆகுமே தவிர பாச்சான் ஆகாது. இதுவரை ஒலியனியல். சரி, வைத்தான் ஏன் வச்சான்? பேச்சில் அங்கே அகரம்தானே கேட்கிறது? முதலில் ஐகாரத்தை ஒட்டித் தகரம் சகரமானது, அப்புறம்தான் ஐகாரம் அகரமாகத் தேய்ந்தது. விதிகளுக்கு வரிசை உண்டு என்று வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். வச்சானைப் பார்த்த பிறகுதான் மனதில் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்தது வித்தான். இகரம் இருந்தும் அது விச்சான் ஆகவில்லை, ஏனென்றால் அது விற்றான். ற்ற என்பது த்த ஆகி வந்து சேர்ந்தபோது, சகரமாக்கும் அந்த மாற்றம் ஓய்ந்துவிட்டிருந்தது. இலங்கைத் தமிழில் ற்ற இன்றும் த்த-வோடு கலக்காமல் தனியாக ஒலிக்கிறது. ஆக, எந்த மாற்றம் முந்தியது, எது பிந்தியது என்பதை இன்றைய பேச்சை வைத்தே சொல்ல முடிகிறது. இங்கே ஒலியனியலும் வட்டார வழக்குகளை ஆராயும் கிளைமொழியியலும் வரலாற்று மொழியியலும் ஒரே சொல்லில் கூடிவிடுகின்றன.

மலையாளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 'அடிச்சு' என்பதுதான் எழுத்து வழக்கே. செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். தமிழ்க் கட்டுரையில் எழுதினால் கொச்சை என்று திருத்துவார்கள். ஒலி மாற்றம் ஒன்றுதான், அதற்குச் சமூகம் தரும் மதிப்பு வேறு. இரட்டை வழக்கு எனக்கு வெறும் ஆண்டாக இல்லாமல் போனது இந்த இடத்தில்தான்.

வைன்ரைக், லபோவ், ஹெர்சாக் மூவரும் 1968-இல் எழுதிய கட்டுரையை அதன் பிறகு படித்தேன். மாற்றத்துக்கு என்ன கட்டுப்பாடு, அது எப்படிப் படிப்படியாகக் கடக்கிறது, மொழியமைப்பிலும் சமூகத்திலும் எதோடு பிணைந்திருக்கிறது, பேசுவோர் அதை எப்படி மதிக்கிறார்கள், ஏன் அந்தக் காலத்தில் அந்த மொழியில் தொடங்கியது என்று ஐந்து கேள்விகள். இந்த ஐந்தையும் உங்கள் ஊர்ச் சொல் ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். பொருத்துக வகைக் கேள்விகளுக்குப் பெயரும் ஆண்டும் மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும். அதைக் கடைசி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை எலை ஆகிறது, குடம் கொடம் ஆகிறது. இடியும் குடியும் அப்படியே நிற்கின்றன. இரண்டாம் அசையின் உயிரைக் கவனித்துப் பாருங்கள்.