ஒன்பதே முக்காலுக்கு ஒரு மெதுவான பாட்டு

போன டிசம்பரில் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் பங்குத் திருவிழாவின் கடைசி ராத்திரி. தேர்ப்பவனி முடிந்துவிட்டது, மேடைக்கு முன்னால் மணலில் முந்நூறு பேராவது ஆடிக்கொண்டிருக்கிறார்கள், மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அணைத்தே ஆக வேண்டும். அன்றைக்கு டிஜே நான். மிச்சமிருந்த பதினைந்து நிமிடத்தில் நான் வைத்தது யாருமே போடச் சொல்லாத, எண்பதுகளில் வந்த, நிமிடத்துக்கு 100 தாள அடிக்கும் கீழே நடக்கிற ஒரு மெதுவான பாட்டு. என்கூட வருகிற பையன் பதறிப்போய் காதுக்குள் வந்து கத்தினான்: "அண்ணே, நல்லா ஆடிட்டு இருக்காவ, இப்ப எதுக்கு இது?"

அவனுக்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, பெட்டிகளை வண்டியில் ஏற்றுகிற அவசரம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது மார்த்தாண்டம் பக்கம் ஒரு மைக்செட் கடையில் வயர் சுருட்டுகிற பையனாக. தென்னை மரத்தில் குழாய் கட்டி காலை ஐந்து மணிக்கே பக்திப் பாட்டு போடுகிற காலத்தின் கடைசிப் பகுதியை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பெட்டி ஸ்பீக்கர், லேப்டாப், கடைசியில் பழைய விலைக்கு வாங்கிய, பாட்டுகளைக் கலக்குகிற ஒரு டிஜே கண்ட்ரோலர். அதை வாங்கிய வருடம்தான் முதல் அடியும் விழுந்தது.

தக்கலை பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். அந்தச் சமயத்தில் நான் இரவெல்லாம் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தது வார்த்தையே இல்லாத, நீளமான, ஹவுஸ் என்கிற வெளிநாட்டு நடன இசை. ஒரே தாளம் பத்து நிமிடம் ஓடும், அதற்குள் ஒரு சின்னக் கதவு திறக்கிற மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்து சேரும், அதற்காகவே உயிரைக் கொடுக்கலாம் என்று தோன்றும். இரண்டு வாரம் உட்கார்ந்து நாற்பது நிமிடத்துக்கு அதைக் கோர்த்து வைத்தேன். எட்டு மணிக்கு எடுத்துவிட்டேன். தரையில் முப்பது பேர் இருந்தார்கள், கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ஆனார்கள். பெண்ணின் மாமா மேடைக்கு வந்து, கோபமே இல்லாமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "மக்களே, பாட்டு எப்ப தொடங்கும்?"

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் செய்தது இன்னும் மோசம். கேட்டதை மட்டும் போட்டேன். அதே முப்பது பாட்டு, அதே வரிசை, அதே இடத்தில் சத்தத்தைக் குறைத்து அதே இடத்தில் தாளத்தை முழுசாகத் திரும்ப இறக்குகிற டிராப். எல்லாரும் ஆடினார்கள், பணம் ஒழுங்காக வந்தது, ஆனால் வீட்டில் ஹெட்போனைத் தொடவே பிடிக்காமல் போனது. பாட்டு கேட்பதே சலித்துப்போன ஒருவன் நாலு பேருக்குப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தால், வேலை நடக்கும், ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்று அவன் காதுக்குத் தெரியாமல் போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது.

தக்கலை ரிசப்ஷனின் வீடியோ ரொம்ப நாள் கழித்து என் கைக்கு வந்தது. பார்த்தால், தரை காலியான அதே நிமிடத்தில் மைக்கில் ஒரு குரல் கேட்கிறது: இரண்டாம் பந்திக்கு வரச் சொல்லி அழைக்கிறார்கள்! என் இசை பாதிப் பேரைத்தான் அனுப்பியது, மீதிப் பேரை அனுப்பியது சாப்பாடு. அதைக் கவனிக்காமல் முழுப்பழியையும் என் ரசனை மேலே போட்டு இரண்டு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டுக்குப் போய் எந்தப் பந்தி எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறேன்.

அப்புறம்தான் ஆட்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மேடைக்கு வந்து போனில் யூடியூபைக் காட்டி "இதப் போடுங்கண்ணே" என்று நிற்கிற ஐந்து பையன்களைத்தான் நான் கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஐந்து பேர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் இறங்குவது சின்னப் பிள்ளைகள், அவர்களுக்கு வெட்கம் கிடையாது, பாட்டு எது என்ற கவலையும் கிடையாது. பிள்ளைகளைப் பிடிக்கிற சாக்கில் அம்மாக்கள் வருவார்கள், சித்திகள் வருவார்கள், அப்புறம் ஒரு வட்டம் உருவாகும். அந்த வட்டம் உருவாகிற நேரம்தான் ராத்திரியிலேயே நல்ல நேரம். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வந்து முன்னால் நிற்பார்கள், வேகமான குத்து கேட்பார்கள், நான் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் வட்டம் உடைந்து பெண்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். முன்வரிசை துள்ளிக்கொண்டு இருப்பதால் வெற்றி மாதிரி தெரியும். பின்னால் பாதி மண்டபம் அமைதியாக இருக்கும். நான் இப்போது பார்ப்பது அந்த நாற்காலிகளைத்தான். எத்தனை நாற்காலி காலியாக இருக்கிறதோ அத்தனைக்கு நான் சரியாகப் போட்டிருக்கிறேன்.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், கூல் ஹெர்க் என்ற இளைஞர் தன் தங்கை நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு போட்டார். ஹிப்ஹாப் பிறந்த நாளாக இன்றைக்கும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அவர் கவனித்து வைத்திருந்த விஷயம் ரொம்ப எளிமையானது: பாட்டில் குரல் நின்று வெறும் தாளம் மட்டும் ஓடுகிற அந்தச் சில வினாடிகளுக்காகவே ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அதனால் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்தத் துண்டு முடியும்போது இன்னொன்றில் அதே துண்டை எடுத்து நீட்டினார். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்ததனால் வந்த கண்டுபிடிப்பு அது. எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது, ஏனென்றால் நான் சின்ன வயதிலிருந்து காதலித்தது பழைய தமிழ்ப் பாட்டுகளின் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இடையிசையைத்தான். பேஸ் கித்தார் தனியாக நடந்து போகும் பாருங்கள், அந்த இடம். டிஜேக்கள் வழக்கமாகப் பல்லவியைப் போட்டுவிட்டு இடையிசை வருவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள். நான் தலைகீழாகச் செய்து பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த பல்லவி ஒரு தடவை, அப்புறம் அந்த இடையிசையைச் சுற்றவிட்டு அடியில் ஒரு புதுத் தாளம். பல்லவி தெரிந்த பாட்டு என்பதால் யாரும் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை, மீதி எனக்குப் பிடித்தபடி நடந்தது.

இதில் நம் பாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குத்துப்பாட்டு நிறைய திஸ்ர நடை, மூன்று மூன்றாகப் போகும். வெளிநாட்டு நடன இசை பெரும்பாலும் நாலு நாலாகப் போகிறது. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் கால் இடறும், மென்பொருளும் மூன்றின் கணக்கை அடிக்கடி தப்பாகக் காட்டும். காதால்தான் பிடிக்க வேண்டும். ஒரு கைதட்டல், ஒரு நாதஸ்வரத் துண்டு, அல்லது ஒரு நொடி முழு மௌனம், இப்படி ஏதாவது ஒன்றை நடுவில் வைத்துத்தான் கடக்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது மக்களுக்குத் தெரியவே தெரியாத பாட்டாக இருந்தால்? இதற்கு எல்லாரும் சொல்கிற உதாரணம் லாரி லெவன். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் 1977 முதல் 1987 வரை டிஜேயாகப் பாட்டு போட்டவர். பிடித்த ஒரு பாட்டை, தரை காலியானாலும், அதே இரவில் திரும்பத் திரும்ப வைப்பாராம், கடைசியில் மக்கள் அதைக் கேட்டு ஆடத் தொடங்கிவிடுவார்களாம். இதைக் கேட்டுவிட்டு "நாமும் அப்படி நிற்க வேண்டும்" என்று வீரம் பேசுகிற தம்பிகளைப் பார்க்கிறேன். அது உறுப்பினர்களுக்கான கிளப், வாராவாரம் அதே முகங்கள், அவருக்காகவே வருகிறவர்கள், விடிய விடிய நேரம். நம்மிடம் இருப்பது மூன்று மணி நேரம், கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், மாப்பிள்ளை யார் என்றே தெரியாத பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் என்னை நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

நம்பிக்கை இருக்கிற இடம் வேறு. அந்தக் கடலோர ஊருக்கு நான் ஆறாவது வருடமாகப் போகிறேன். முதல் வருடம் கேட்டதை மட்டும் போட்டேன். இரண்டாம் வருடம் ஒரு பாட்டு எனக்கு எடுத்துக்கொண்டேன். நாலாம் வருடம் ஒரு அக்கா வந்து, "போன வருசம் கடைசில ஒண்ணு போட்டீங்களே, அது இருக்கா?" என்று கேட்டார். அவருக்குப் பெயர் தெரியவில்லை, ராகத்தை முனகிக் காட்டினார். அந்த நிமிடத்துக்கு ஒரு வருடப் பணத்தையும் கொடுத்துவிடுவேன்.

மெதுவாகத் தொடங்குவது ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. செண்டை மேளத்தில் பஞ்சாரி என்று ஒன்று இருக்கிறது, ஐந்து காலம், அதாவது ஐந்து வேகப் படிகள். முதல் காலத்தில் ஒரு தாள வட்டம் 96 அட்சரம், அதாவது 96 எண்ணிக்கை, அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. வட்டம் சுருங்கச் சுருங்க வேகம் ஏறும். கோயில் முற்றத்தில் வெயிலில் நின்று அந்த முதல் காலத்தை ஜனங்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள், கை தானாக மேலே எழும்புகிறது, ஏனென்றால் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவான கொடையில் வில்லுப்பாட்டும் அப்படித்தான். காப்பு, குருவணக்கம், அவையடக்கம் எல்லாம் பாடி முடித்துத்தான் கதைக்குள் நுழைவார்கள். என் பாட்டாவோடு, அதாவது தாத்தாவோடு, சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். புலவர் வீசுகோலை வில்லில் அடித்துக்கொண்டே பாடினாலும் கண் சாமியாடி மேலேதான் இருக்கும். கதை உச்சத்துக்குப் போகும்போது குடமும் உடுக்கையும் சேர்ந்து ஏறும், அருள் வருகிற மாதிரி தெரிந்தால் அதே அடியைப் பிடித்து வைத்துக்கொள்வார், இன்னும் வரவில்லையென்றால் இரண்டு வரி கூட்டிப் பாடுவார். என்ன கதை என்பது முன்பே முடிவான விஷயம், எவ்வளவு நேரம் எந்த வேகத்தில் என்பது முழுக்க எதிரே இருக்கிற ஆளைப் பார்த்து. ஆள் பார்த்துப் போடுவது என்றால் என்ன என்று நான் முதலில் பார்த்தது அங்கேதான்.

அந்த விடிய விடிய நேரம் இப்போது இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு வருடத்தில் அதிகபட்சம் 15 நாள், இரவு 12 மணி வரை நீட்டிக் கொடுக்கலாம். விதி சரியானது, நோயாளியும் படிக்கிற பிள்ளையும் இருக்கிற வீடுகள்தானே சுற்றிலும். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிக்க வேண்டும் என்றதும் எல்லா டிஜேக்களும் முதல் பாட்டிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறார்கள். எட்டு மணிக்கே எல்லாரும் களைத்துவிடுவார்கள்.

கேட்டாலும் போடாதவை சில உண்டு. சாதிப் பெருமை பாடுகிற பாட்டு, பெண்ணை இழிவாகப் பேசுகிற பாட்டு, இன்னொரு மதத்தைச் சீண்டுவதற்காகவே கேட்கிற பாட்டு. 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த கலவரத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்காத கன்னியாகுமரி மாவட்டம் இது. இதற்காக ஒரு வேலை பாதியில் போயிருக்கிறது, மீதிப் பணமும் வரவில்லை. போகட்டும். இதை ரசனைக் கணக்கில் நான் சேர்ப்பதே இல்லை.

சரி, அந்த ஒன்பதே முக்கால். பையன் பார்த்தது ஆடிக்கொண்டிருந்த முந்நூறு பேரை. நான் பார்த்தது முன்வரிசையில் மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நின்றவர்களை, பின்னால் நாற்காலியில் தாளம் போட்டுக்கொண்டே எழுந்திருக்காமல் இருந்த வயதானவர்களை. இன்னொரு வேகப் பாட்டு வைத்திருந்தால் இளைஞர்கள் பல்லைக் கடித்து ஆடியிருப்பார்கள். மெதுவானது வந்ததும் பாதிப் பேர் விலகித் தண்ணீர் குடிக்கப் போனது உண்மைதான். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அந்த இடையிசை சுற்றத் தொடங்கியபோது, வலை பின்னுகிற கை என்று பார்த்தாலே தெரிகிற ஒரு பெரியவர் மணலுக்கு வந்தார், பின்னாலேயே அவர் மனைவி. அப்புறம் இன்னும் சில ஜோடிகள். பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன், ஜனங்கள் பாட்டைத் தாங்களே பாடி முடித்தார்கள்.

வருகிற சனிக்கிழமை கருங்கல் பக்கம் ஒரு ரிசப்ஷன், எனக்குப் பழக்கமே இல்லாத வீடு. முதல் பந்தி ஏழரைக்கு என்று சமையல்காரரிடம் போனில் கேட்டாயிற்று. அதே மெதுவான பாட்டை இந்தத் தடவை ஏழே காலுக்கு, தரையில் பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது வைத்துப் பார்க்கப் போகிறேன்.