இரண்டு வரிக் குறிப்பு

"அக்கா, இங்க ஒரு தேதி இருக்கே, இது பண்டில்ல எங்க போச்சு?"

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவன் கேட்டது இவ்வளவுதான். "பெம் ஃபைல்ல அதுக்கு இடம் கிடையாதுப்பா" என்று சொன்னேன். பெம் என்பது நாங்கள் சான்றிதழ்களைத் தொகுத்து வைக்கும் ஃபைல் வடிவம். அந்தப் பதிலில் தவறில்லை. பேச்சு அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஓர் இணையதளம் உண்மையானதா என்று சரிபார்க்க சர்வர்கள் நம்பும் அடிப்படைச் சான்றிதழ்கள்தான் ரூட்கள். அவற்றின் தொகுப்பான பண்டிலைப் புதுப்பிக்கும் வேலை அது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, ரூட்களைப் பட்டியலிட்டு வெளியிடும் செர்ட்டேட்டா ஃபைலை இறக்கி, டெர்மினலில் எங்கள் கருவிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் பண்டில் வந்துவிடும். அந்த ஃபைலைத் திறந்து பார்க்காதவர்கள் அது நல்ல ரூட்களின் பட்டியல் என்றே நினைப்பார்கள். ஆனால் 'இதை நம்பாதே' என்று குறிக்கப்பட்டவையும் அதற்குள்ளேயே இருக்கும். 2011-இல், சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் மீது அது பிரயோகிக்கப்பட்டது. அதன் பிறகு டிஜிநோட்டார் பெயர், மறுக்கப்பட வேண்டியது என்ற குறியோடு அந்த ஃபைலில் இருந்தது. அந்தக் குறியைப் படிக்காமல் சான்றிதழ்களை மட்டும் உருவி எடுக்கும் கருவி, மறுக்க வேண்டியதையே நம்பச் சொல்லிவிடும். வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். "சான்றிதழை மட்டும் பார்க்காத, கூட என்ன எழுதியிருக்குன்னு பாரு."

அவன் பார்த்தான். பார்த்ததால்தான் அந்தத் தேதி கண்ணில் பட்டது.

ஒரு சான்றிதழ் நிறுவனத்தின் மீது நம்பிக்கை போய்விட்டால் மொசில்லா எல்லா நேரமும் உடனே ரூட்டைத் தூக்கிவிடுவதில்லை. 'இந்தத் தேதிக்குப் பிறகு கொடுத்த சான்றிதழ்களை ஏற்காதே, அதற்கு முன் கொடுத்தவை இருந்துவிட்டுப் போகட்டும்' என்று சில சமயம் ரூட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கும். 2022-இல் டிரஸ்ட்கோர் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்கு அப்படித்தான் நவம்பர் 30 என்று வைத்தது. 2024-இல் என்ட்ரஸ்ட் நிறுவனத்துக்கும் அப்படியே ஒரு தேதி வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் அந்தத் தேதியைப் படித்து நடந்துகொள்ளும். ஆனால் நாங்கள் சர்வர்களுக்கு அனுப்பும் சாதாரண பெம் பண்டிலில் சான்றிதழ்கள் மட்டுமே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு ரூட் அதில் இருந்தால் முழு நம்பிக்கை, இல்லாவிட்டால் கொஞ்சமும் இல்லை. 'இதுவரை நம்பு, இனிமேல் நம்பாதே' என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

ஆக, அவன் கண்ணில் பட்ட தேதிக்குரிய அந்த ரூட்டை எடுப்பதா, வைப்பதா? நான் வைக்கச் சொன்னேன். இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. எடுத்திருந்தால், தேதிக்கு முன் முறையாகச் சான்றிதழ் வாங்கியவர்களோடு எங்கள் சர்வர்கள் பேச முடியாமல் போயிருக்கும். 2020-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் சிமான்டெக் நிறுவனத்தின் பழைய ரூட்களை நீக்கிவிட்டு, அப்புறம் அவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாங்கள் எம்மாத்திரம்? தவிர, 2020 செப்டம்பரில் வந்த விதிப்படி அன்று இணையதளச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. மொசில்லா வைத்த தேதியிலிருந்து 398 நாள் கழிந்துவிட்டால் பழைய சான்றிதழ்கள் எல்லாமே காலாவதியாகியிருக்கும். அப்போது ரூட்டை எடுத்தால் யாருக்கும் எதுவும் உடையாது. மனதுக்குள் போட்ட கணக்கு இதுதான். அவனிடமும் சொன்னேன். "சரிக்கா" என்றான்.

அரை மணி நேரம் கழித்து மாற்றத்தை ரிவ்யூவுக்கு அனுப்பினான். அதில் அந்த ரூட்டுக்கு மேல் இரண்டு வரி எழுதியிருந்தான்: 'இதற்கு மொசில்லா தேதி வரம்பு வைத்திருக்கிறது. இந்த பண்டிலில் அந்த வரம்பு இல்லாமல் போகிறது.'

அவன் இடத்துக்குப் போய், "அந்தக் குறிப்பை எடுத்துடுப்பா" என்றேன்.

"தப்பா எழுதிட்டேனாக்கா?"

"தப்பில்ல. இப்ப வேணாம்."

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். என் பக்க நியாயம் இல்லாமல் இல்லை. மறுநாள் காலையில், எங்கள் சர்வர்கள் பேசும் இன்னொரு நிறுவனம் புதிய ரூட்டுக்கு மாறுகிறது. அந்தப் புதிய ரூட் இந்த பண்டிலில்தான் இருக்கிறது. குறிப்பைப் பார்த்தால் பாதுகாப்புக் குழு நிறுத்தி வைக்கும், கூட்டம் போடும், மூன்று நாள் ஆகும், கடைசியில் நான் எடுத்த முடிவைத்தான் எடுக்கும். எடுத்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் எடுத்திருக்க வேண்டிய முடிவு அது. நான் அவர்களிடமிருந்து மறைத்தது பெரிய ரகசியமும் இல்லை, மொசில்லாவின் ஃபைலில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்படிச் சொல்லிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும்போதெல்லாம், அந்த 398 நாள் கணக்கு நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு அன்று என் தலையிலும் அவன் தலையிலும் மட்டுமே இருந்தது. குறிப்பு இருந்திருந்தால் ஃபைலிலும் இருந்திருக்கும். தேதியைச் சுமக்க பெம்முக்கு இடமில்லை என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். அதைச் சுமக்க அவன் ஓர் இடம் செய்து வைத்தான், அதை அழிக்கச் சொன்னதும் நானே.

ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ரூட்டின் கீழ் கள்ளச் சான்றிதழ் எதுவும் எங்களிடம் வந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் மாற்றம் சத்தமில்லாமல் முடிந்தது, மேலே இருந்து பாராட்டும் வந்தது. பிறகு மொசில்லாவே அந்த ரூட்டை நீக்கியது, எங்கள் புதிய பண்டிலிலிருந்தும் தானாகப் போய்விட்டது. மென்பொருளை மொத்தமாகப் பொதிந்து வைக்கும் பழைய கன்டெய்னர் இமேஜ் ஒன்றில் மட்டும் அந்த ரூட் 398 நாளைத் தாண்டியும் இருந்தது. வேறு எதையோ தேடும்போது தற்செயலாகக் கண்டேன். எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏறத்தாழ 140 ரூட்களுக்கும் ஒவ்வொரு குறிப்பு இருந்தால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். சில இடங்களில் பேசாமல் வேலையை முடிப்பதும் பொறுப்புதான். இப்போதும் அதே நெருக்கடி வந்தால் பண்டிலை அன்றே அனுப்புவேன். குறிப்போடு அனுப்புவேனா? அனுப்புவேன் என்று சொல்ல ஆசை. ஆனால் அன்று மாலை அவன் இடத்துக்கு நடந்து போனபோது எனக்குத் தயக்கம் துளிகூட இருக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது பண்டில் வேலை முழுக்க அவன் பொறுப்பில். சுத்தமாகச் செய்கிறான், ரிவ்யூவில் எதுவும் சிக்குவதில்லை. போன வாரம் ஏதோ தோன்றி, அந்த மாலைக்குப் பிறகு அவன் அனுப்பிய மாற்றங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு வரிக் குறிப்பு இல்லை.