கூலி, பஸ் காசு, மாமியார் சம்மதம்

"கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கர்ப்பப் பரிசோதனை அவசியம் என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் காசு கணவர் கையில், சம்மதம் மாமியார் வாயில். அப்புறம், ஆஸ்பத்திரியில் பெண் ஊழியர் இல்லையென்றால் பாதி விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவார்கள்.

இவர்களால் வர முடியாதென்றால், ஊழியர்தான் வீடு தேடிப் போக வேண்டும். வங்கதேசத்தில் 1980களில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் அப்படித்தான் வீடு வீடாகப் போனார்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் என்று, குடிக்கக் கொடுக்கும் கரைசலைத் தாய்மாரையே கலக்க வைத்தார்கள். தாய்மார் இந்தச் செய்முறையை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் சோதித்து, அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம்! எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு "ஏன் சாப்பிடவில்லை?" என்று அதட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.