சாய்தளத்தோடு முடிவதில்லை

நூலக வாசலில் சாய்தளம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சாய்தளம் வேண்டும்தான். அதுவும் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும், இல்லையென்றால் சக்கர நாற்காலியில் தனியாக ஏறுவது பெரும்பாடு. சரி, உள்ளே வந்தாயிற்று. அப்புறம்? அலமாரிகளுக்கு நடுவே நாற்காலி திரும்ப இடமில்லை, தேடி வந்த புத்தகமோ மேல்தட்டில்.

இதைவிட என்னை வருத்துவது புத்தகத்துக்குள்ளேயே இருக்கும் தடை. பக்கங்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால், பார்வையற்றவருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை. அதையே உரையாக மாற்றி, பிழை திருத்தி, தலைப்புகளைக் குறித்து வைத்தால் அந்த நூல் அவருக்கும் கிடைக்கும்.

பதிப்புரிமையும் நீண்ட காலம் குறுக்கே நின்றது. 2013இல், அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக மராகேஷ் ஒப்பந்தம் என்ற பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். ஒப்பந்தம் 2016இல் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த நாடுகளில் உரிமையாளரின் அனுமதிக்காகக் காத்திருக்காமல் பிரெயில், ஒலிநூல் பிரதிகளை உருவாக்கலாம், எல்லை தாண்டியும் பகிரலாம். பார்வையற்றவர்களுக்கு மட்டுமல்ல, டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களுக்கும் இது பொருந்தும். இது பலருக்குத் தெரியவே தெரியாது!

நூலகத்தில் பணிபுரியும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இணையப் பட்டியலில், பார்வையற்ற வாசகர் தேடுவதுபோல மௌஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் இன்று ஒரு புத்தகத்தைத் தேடிப் பாருங்கள்.